சுரங்கக் கதவுக்கு நாலு எல்லை

உக்காருங்க டீச்சர். சர்வர் இப்போதைக்கு வராது. உங்க வீட்டுக்காரர் எதிர்த்த ரிஜிஸ்டர் ஆபீஸ்ல டோக்கனைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறார்ல, நிக்கட்டும். ஆம்பளைங்களுக்கு வரிசையில நிக்கிறதுல ஒரு கௌரவம் இருக்கு. நீங்க இங்க என்கூட இருங்க. ஃபேனை உங்க பக்கம் திருப்பி விடுறேன். டீ சொல்லவா? வேணாமா, சரி.

உங்க பத்திரம் ரெடியா இருக்கு. எல்லையெல்லாம் சுத்தமா அடிச்சு வச்சிட்டேன். இந்திராணி எழுதுன எல்லையில இதுவரைக்கும் யாரும் கோர்ட்டுக்குப் போனதில்ல, விசாரிச்சுப் பாருங்க. எங்கப்பா எழுதுன இதே மேசை. அவர் போன பிறகு பத்திரம் எழுதுற லைசென்ஸ் எடுத்து நான் உக்காந்தேன். வேற யாரும் உக்காரத் தயாரா இல்ல.

என்ன, போன் இப்படித் துடிக்குதேன்னு பாக்குறீங்களா? துடிக்கும். எங்க கோட்டையில இன்னிக்குக் களேபரம்.

கோட்டைன்னா நெஜக் கோட்டை இல்ல டீச்சர், பயப்படாதீங்க. டெலிகிராம்ல ஒரு குரூப். ரோல்பிளேன்னு பேரு. நாடகம் மாதிரிதான், ஆனா மேடை கிடையாது, வேஷம் கிடையாது, எல்லாமே எழுத்து. நீங்க ஒரு ஆளா இருப்பீங்க, நான் ஒரு ஆளா இருப்பேன். 'வாளை ஓங்கினாள்'னு நீங்க எழுதினா, அதுக்கு நான் 'இவள் விலகினாள்'னு எழுதணும். நான் எழுதுற வரைக்கும் நீங்க காத்திருக்கணும். ஓங்குன வாள் அப்படியே அந்தரத்துல நிக்கும். என் ஆளை நீங்க அசைக்கக் கூடாது, உங்க ஆளை நான் அசைக்கக் கூடாது. அதுதான் அங்க பெரிய சட்டம்.

நானா? நான் முத்தழகி. கோட்டைக்குப் படைத்தலைவி. ஏன் சிரிக்கிறீங்க? எழுத்துல மூட்டுவலி வராதுல்ல, அப்புறம் என்ன?

சொல்ல வந்ததை விட்டுட்டேன் பாருங்க. என் மனத்தாங்கல் என்னன்னா, அந்தக் குரூப்புல என்னை அவமானப்படுத்திட்டாங்க. எட்டு வரிக்கு மேல யாரும் எழுதக் கூடாதுன்னு சட்டம் போட்டுட்டாங்க. யாரும்னா யாரு? நான்தான். வேற யாருமே எட்டு வரி தாண்டுறதில்லையே!

போட்டது ஹரிகிருஷ்ணன்னு ஒரு தம்பி. கோயம்புத்தூர்ல கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை. அவன்தான் அட்மின். எதிரி ராஜாவும் அவனே. இடிமுழக்கன்னு பேரு, தானே வச்சுக்கிட்டது. வேகம், வேகம், அந்தப் பிள்ளைக்கு எல்லாத்துலயும் வேகம். நானே கேக்குறேன், வேகமாப் போய் என்ன செய்யப் போறோம்? கதை முடிஞ்சா அவனவன் வீட்டுக்குப் போகணும். எனக்கு வீடுன்னா அண்ணன் வீட்டு மாடி. அங்க ஒரு டிவி. அது பேசும், நான் கேக்கணும்.

என்ன நடந்துச்சுன்னா, அந்த இடிமுழக்கன் நம்ம மதில்ல ஏணியை வச்சான். ஏறினான். உச்சியில கையை வச்சான். 'இப்போது என்ன செய்வாய், முத்தழகி?'ன்னு எழுதிட்டு நிறுத்திட்டான். இப்ப நான் எழுதணும். நீங்களா இருந்தா என்ன எழுதுவீங்க? கையை வெட்டுவீங்க. அதான் தப்பு. எந்த மதில்ல கையை வச்சான்னு தெரிய வேணாமா? மதிலே எங்கேன்னு தெரியாம யார் கையை வெட்டுறது?

அதனால முதல்ல மதிலை எழுதினேன். வடக்கே அகழி, தெற்கே குதிரை லாயம், கிழக்கே மடப்பள்ளிக் கிணறு, மேற்கே தானியக் கிடங்குக்குப் போகும் பொதுப்பாதை. இந்த நான்கு எல்லைக்கு உட்பட்ட கருங்கல் மதில். அதில் ஏறி இறங்கும் படிக்கட்டுப் பாத்தியதை, நிதி நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் உள்பட. அதாவது புதையல், தண்ணி, மரம், கல்லு எல்லாமே சேத்துத்தான். பத்திரத்துல அப்படித்தானே எழுதுவோம்! அடுத்த நாள் லாயத்தை எழுதினேன். லாயம்னு வந்துட்டா குதிரையை விட முடியுமா? குதிரைன்னா கொள்ளு, கொள்ளுன்னா அதை அளக்குற ஆளு. அந்த ஆளுக்கு ஒரு வீடு வேணும்ல?

ஹரி தம்பி தனியா மெசேஜ் அனுப்புறான். 'அக்கா, நான் இன்னும் ஏணியில நிக்கிறேன்.' நான் சொன்னேன், இறங்கி நில்லுப்பா, நான் முடிச்சதும் கூப்பிடுறேன்னு. 'ராஜா இறங்கினா கேவலம்க்கா'ங்கிறான். அப்ப நில்லு. நானா ஏறச் சொன்னேன்?

கொள்ளு அளக்குற ஆளோட வீட்டுக்குக் கிழக்கு எல்லையை எழுதிக்கிட்டிருக்கும்போதுதான் சட்டம் வந்துச்சு. எட்டு வரிக்கு மேல போனா அழிஞ்சிடும். அழிக்கிறதுக்கு ஒரு எந்திரம் வச்சிருக்கான், அதுக்குக் காவலன்னு பேரு. எழுதி அனுப்புறேன், கண்ணு முன்னாடியே காணாமப் போகுது. எனக்கு அழுகையே வந்துடுச்சு டீச்சர். கோபத்துல வந்த அழுகை.

ஆனா நான் விட்டுடுவேனா? எட்டு எட்டு வரியாப் பிரிச்சு அனுப்பினேன். மதில் பாகம் ஒன்னு, மதில் பாகம் ரெண்டு. சட்டத்துக்குச் சட்டமும் ஆச்சு, மதிலுக்கு மதிலும் ஆச்சு.

இவ்வளவையும் முழுசாப் படிச்சது யாருன்னு நினைக்கிறீங்க? குரூப்புல அத்தனை பேர் இருந்தும் ஒரே ஒருத்தர். அருளப்பன்.

ஒட்டன்சத்திரத்துல எடைமேடையில வேலை அவருக்கு. காய்கறி லாரி ஏறும், எடை போடுவாரு, இறங்கும். லாரி நம்பரு, எடை, அவ்வளவுதான் நாள் முழுக்க டைப் அடிக்கிறது. அதனால கோட்டையிலயும் அப்படித்தான் எழுதுவாரு. அவர் நாகன். ஓடக்காரன். முற்றுகை நேரத்துல சுரங்கம் வழியா நமக்குச் சாப்பாடு கொண்டு வர்ற ஆளு. எவ்வளவு அருமையான பாத்திரம்! நானா இருந்தா அந்த ஓடத்தையே ஒரு மாசம் எழுதுவேன். இவர் எழுதுவாரு, 'நாகன் வந்தான்.' முடிஞ்சுது. நான் கேப்பேன், எப்படி வந்தான், நனைஞ்சு வந்தானா, மூச்சு வாங்குச்சா? 'வந்தான்.' என்ன கொண்டு வந்தான்? 'அரிசி.' பச்சரிசியா புழுங்கலரிசியா? ஒரு நாள் முழுக்க யோசிச்சிட்டு, 'புழுங்கல்'னு அனுப்புறாரு.

அந்தச் சட்டத்துல அவரையும் விடலை பாருங்க. மூணு வரிக்குக் குறைஞ்சாலும் அழிஞ்சிடும்னு அதுலயே ஒரு பாதி சேத்துட்டான் ஹரி. அதுக்கப்புறம் இவர் எழுதுறதைக் கேளுங்க. 'நாகன் வந்தான். நின்றான். இன்னும் நிற்கிறான்.' வரிக்கு ஒன்னா மூணு வரி! நான் ஆபீஸ்ல தனியா உக்காந்து சிரிச்ச சிரிப்புல, பக்கத்துக் கடை ஜெராக்ஸ்காரர் எட்டிப் பாத்தார்.

ஆனா படிப்பாரு டீச்சர். ஒரு தடவை நான் அந்த மடப்பள்ளிக் கிணத்தை மறந்துபோய் மேற்கேன்னு எழுதிட்டேன். குரூப்புல ஒரு ஈ காக்கா கண்டுக்கலை. இவர் மட்டும் தனியா மெசேஜ் அனுப்புறாரு. 'கிணறு கிழக்கே.' அவ்வளவுதான். பின்னாடி போய்ப் பாக்குறேன், கிழக்கேதான்! எங்கப்பாவுக்கு அப்புறம் என் எல்லையில தப்புக் கண்டுபிடிச்ச ஒரே மனுசன். அன்னிக்கு மதியம் எனக்குச் சோறே இறங்கலை. சந்தோசத்துலயா, வெக்கத்துலயான்னு தெரியலை. ரெண்டும்தான்னு வச்சுக்கோங்க.

அதுக்கப்புறம் நான் எழுதுறப்பல்லாம் அவர் படிப்பாருன்னுதான் எழுதுறது. காலையில கடையைத் திறந்ததும் ஒரு பாகம் போடுவேன். கொஞ்ச நேரத்துல தனியா ஒரு மெசேஜ் வரும். 'படிச்சேன்.' நல்லா இருக்கு, இல்லன்னு ஒன்னும் கிடையாது. 'படிச்சேன்.' அது வந்த பிறகுதான் நான் டீயே குடிப்பேன்.

அந்த மனுசன் இன்னிக்குப் போறாரு. அதான் களேபரம். குரூப்பை விட்டே போறாராம். காலையில போட்டிருக்காரு பாருங்க. 'நாகன் இன்று மாலை வரை சுரங்கத்தில் இருப்பான். அதன் பிறகு ஓடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவான். நானும் போகிறேன்.' எல்லாம் அந்த ஹரிப் பயலால. மூணு வரி எழுது, மூணு வரி எழுதுன்னு ஒரு எடைமேடைக்காரரைப் போட்டுப் படுத்தினா அவர் என்ன செய்வாரு? விரட்டிட்டான். இனிமே நான் கிணத்தைத் தெற்கே தூக்கி வச்சாலும் கேக்க நாதியில்ல.

என்ன கேட்டீங்க? நாகன் ஏன் சுரங்கத்துல நிக்கிறானா? அதுவா, அது போன வாரத்துலேர்ந்து நிக்கிறான். கதையில அவர் கடைசியா எழுதுனதுக்கு நான் பதில் எழுதிக்கிட்டிருக்கேன், இன்னும் முடியலை. இருங்க, படிச்சுக் காட்டுறேன். கேளுங்க இந்த அநியாயத்தை.

'சுரங்கக் கதவைத் திறந்து வைத்திருக்கிறேன். இந்த வழியாக வந்தால் ஒட்டன்சத்திரம் பக்கம் வெளியே வரலாம், அம்மாவிடம் சொல்லிவிட்டேன். என்னுடன் வருகிறீர்களா?'

பாத்தீங்களா? எவ்வளவு தப்பு! கோட்டை இருக்கிறது கடலோரத்துல. நான் எழுதின கோட்டை, எனக்குத் தெரியாதா? சுரங்கத்துக்கு மேற்கு எல்லை ஆத்தங்கரைன்னு எப்பவோ எழுதியாச்சு. அது எப்படி ஒட்டன்சத்திரத்துல போய் வெளிய வரும்? மலையைக் குடைஞ்சாங்களா? அதுவும் ராஜா காலத்துல! நான் உடனே அவருக்குத் தனியா எழுதினேன். 'எல்லையை இஷ்டத்துக்கு மாத்த முடியாது, பிழைத்திருத்தல் பத்திரம் போடணும்'னு. விளையாட்டாத்தான் எழுதினேன். அப்புறம் அவர் கதவைத் திறந்து வச்சேன்னு மொட்டையா விட்டுட்டாரே, அதனால கதவை நான் எழுத ஆரம்பிச்சேன். தேக்குக் கதவு, பித்தளைக் கீலு, வடக்கே யானைக் கொட்டாரம், தெற்கே ஆயுதச்சாலை. எட்டு எட்டு வரியா நேத்து வரைக்கும் போட்டேன். இன்னும் தாழ்ப்பாள் பாக்கி.

அவர் 'படிச்சேன்'னு அனுப்பலை. முதல் தடவையா அனுப்பலை. அதான் எனக்கு மனசே சரியில்ல.

என்ன டீச்சர் அப்படிப் பாக்குறீங்க?

நாகனுக்கு அம்மா இருக்காங்களாவா? இல்லையே. ஆத்துல மிதந்து வந்த பிள்ளை அவன். ஓடக்காரங்க எடுத்து வளத்தாங்கன்னு நான்தான் அவருக்கு எழுதியே குடுத்தேன். அதுவும் தப்பா எழுதியிருக்காருல்ல? பாருங்க, நான்கூட கவனிக்கலை. இல்லாத அம்மாகிட்ட என்னத்தைச் சொன்னான்?

அருளப்பனுக்கா? அவருக்கு இருக்காங்க. அம்மாவும் அவரும் மட்டும்தான். தங்கச்சிங்களைக் கட்டிக் குடுத்து முடிக்கிறதுக்குள்ள வயசு போயிடுச்சுன்னு ஒரு தடவை எழுதினாரு. ஒரே வரியில.

ஒட்டன்சத்திரம் அவர் ஊருதான். ஆமா.

இருங்க.

இருங்க டீச்சர், ஒன்னும் சொல்லாதீங்க. தண்ணி குடிச்சுக்கிறேன்.

இல்ல, இருக்காது. அது நாகன் முத்தழகியைக் கேக்குறது. கதையில அப்படிக் கேக்குறது சகஜம். எத்தனை பேர் எத்தனை பேரைக் கேட்டிருக்காங்க! ஆனா நாகன் முத்தழகியை 'தலைவி, வா'ம்பான். 'வருகிறீர்களா'ன்னு என்னிக்குக் கேட்டான்? ஓடக்காரனுக்கு அவ்வளவு மரியாதை தெரியாதே. அருளப்பனுக்குத்தான் தெரியும்.

கேக்குறதுன்னா நேராக் கேக்க வேண்டியதுதானே? என்ன சிரிப்பு? நேராத்தான் கேட்டிருக்காரா? கதவு திறந்திருக்கு, ஊர் இது, அம்மாகிட்டச் சொல்லியாச்சு, வர்றீங்களா. ஐயோ, ஆமா டீச்சர். இதுக்கு மேல ஒரு மனுசன் என்னத்தை எழுதுவாரு? அதுவும் அவரு! மூணு வரிக்கு அவர் என்ன பாடுபட்டிருப்பாரு!

நான் என்ன செஞ்சேன்? கதவுக்கு எல்லை எழுதினேன். பிழைத்திருத்தல் பத்திரம் போடச் சொன்னேன்.

பயமா இருக்கு டீச்சர். எனக்கு அவரைப் பிடிக்கும், அதை மறைச்சு என்ன ஆகப் போகுது. அந்த 'படிச்சேன்' இல்லாம இந்த வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மாலை வரைக்கும்னு போட்டிருக்காரு, இன்னும் நேரம் இருக்கு. எழுதிடுறேன். இப்பவே எழுதிடுறேன். தனியா இல்ல, குரூப்புலதான். கேட்டது அங்க, பதிலும் அங்கதான் வரணும், அதுதான் முறை.

எழுதிட்டேன், பாருங்க. 'முத்தழகி தாழ்ப்பாளைத் தொட்டாள். அது இரும்பாலானது. அவளுக்குச் சில ஐயங்கள் இருந்தன. ஓடக்காரனின் வீட்டுக்கு வடக்கே என்ன இருக்கிறது? தெற்கே யார் இருக்கிறார்கள்? அங்கே பத்திரப்பதிவு அலுவலகம் எந்தப் பக்கம்? அவள் மேசையை எங்கே போடுவாள்?' எட்டு வரிக்குள்ளதான் இருக்கு.

ஏன்? இதுல என்ன தப்பு? தெரிஞ்சுக்கிட்டுத்தானே ஒரு இடத்துக்குப் போக முடியும்? போனைக் குடுங்க டீச்சர். என்ன, பரீட்சைப் பேப்பர் மாதிரி அடிக்கிறீங்க! தாழ்ப்பாளை எடுத்துட்டீங்களா? சரி. வடக்கே? அதையும் எடுத்துட்டீங்களா? மேசையையாவது விடுங்களேன். என் மேசை டீச்சர் அது.

சரி. சரிங்கிறேன்ல. ஒரே ஒரு சொல்லு. நானே அடிக்கிறேன்.

'வருகிறேன்.'

அனுப்பிட்டேன். பாத்தீங்களா, அனுப்பியே விட்டுட்டேன்! இப்படி ஒரு சொல்லை நான் வாழ்க்கையில தனியா விட்டதே இல்ல. பக்கத்துல எதுவுமே இல்லாம மொட்டையா நிக்குது.

எங்க காணோம்?

அழிச்சிடுச்சு! காவலன் அழிச்சிடுச்சு! 'குறைந்தது மூன்று வரி எழுதவும்'னு போடுது. அடப்பாவி ஹரி! நீட்டுனாலும் அழிக்கிற, குறுக்குனாலும் அழிக்கிற, நான் எப்பத்தாண்டா வாழுறது? இன்னொரு தடவை அனுப்புறேன். போச்சு. இன்னொரு தடவை. அதுவும் போச்சு. அவர் பாத்திருப்பாரா? ஒரு நொடியாவது இருந்திருக்கும்ல? எடைமேடையில இருந்தா எங்க பாத்திருக்கப் போறாரு, லாரி நிக்கும்.

ஐயையோ. டீச்சர். இங்க பாருங்க. 'அருளப்பன் குரூப்பிலிருந்து வெளியேறினார்.'

மாலைன்னுதானே சொன்னாரு? இன்னும் மதியமே தாண்டலையே! பொறுமையே இல்லையா இந்த மனுசனுக்கு? இருந்துச்சு. பாவம், நிறைய இருந்துச்சு. நான் கதவோட கீலை எழுதுறப்பல்லாம் நின்னுக்கிட்டுத்தான் இருந்தாரு.

போன் பண்ணவா? நாங்க பேசுனதே இல்ல டீச்சர். குரல் எப்படி இருக்கும்னே தெரியாது. எழுதிக்கிட்டுத்தான் இருந்தோம். நம்பர் இருக்கு, டெலிகிராம்லயே தெரியும். ஆனா என்னத்தைப் பேசுறது? எனக்குப் பேச வராது. ஏன் சிரிக்கிறீங்க? எழுத்துதான் எனக்கு வரும்.

அழுத்திட்டீங்களா? டீச்சர்! ரிங் போகுது. ஐயோ, ரிங் போகுது. ஃபேனை நிறுத்துங்க, சத்தமா இருக்கு.

ஹலோ?

நான்... இந்திராணி. இல்ல, முத்தழகி இல்ல, இந்திராணிதான்.

வர்றேன்.

கேக்குதா? வர்றேன்னு சொன்னேன். அனுப்பினேன், அழிச்சிடுச்சு. இல்லைங்க, நெஜமாத்தான். கதைக்கு இல்ல. எனக்கு.

ம்.

ம்... அப்படியா?

டீச்சர், பேசுறாரு. நிறுத்தவே மாட்டேங்கிறாரு! என்னென்னவோ வச்சிருந்திருக்காரு இத்தனை நாளா. அவங்க அம்மா, வாசல்ல ஒரு முருங்கை மரம், லாரிக்காரங்க, நான் எழுதுன லாயத்துல அவருக்குப் பிடிச்ச வெள்ளைக் குதிரை... இருங்க, இருங்க.

இல்லைங்க, இங்கதான் இருக்கேன். யார்கிட்டயும் பேசலை. நான் குறுக்கே பேச மாட்டேன், நீங்க சொல்லுங்க.

ம்.

ம்.